ஏழாம் அறையின் பதில்

நவம்பர் 14, செவ்வாய்.

இன்று ஒரு தவறு செய்தேன். சிறியதுதான், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

எங்கள் பயிற்சி வகுப்பிலிருந்து பழைய குளியல் இல்லத்துக்கு என்னை மட்டும்தான் அனுப்பியிருக்கிறார்கள். அங்கே ஏழாம் அறையைப் பழுது பார்த்து இன்றுதான் திறந்தார்கள். முதல் ஆளாக ஓர் அம்மாள் வந்தார். அந்த அறைதான் வேண்டும் என்று கேட்டு வந்தார். கழுத்தில் கிடந்த வெள்ளிச் சிலுவையைக் கழற்றி வாங்காமல் அவரைத் தொட்டியில் இறக்கிவிட்டேன். கந்தகத் தண்ணீர் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே இதுதான்: வெள்ளியை வாங்கி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொள், குளித்து முடித்ததும் திருப்பிக் கொடு. அவர் வெளியே வந்தபோது சிலுவை கரித்துண்டு மாதிரி இருந்தது. பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

"விடும்மா. அது முன்னாடியே கறுப்புத்தான்," என்றார்.

மற்றதெல்லாம் சரியாகச் செய்தேன் என்றுதான் நினைக்கிறேன். நடுவில் கதவைத் தட்டினேன். பதில் வரும்வரை நின்றேன். "உயிரோட இருக்கேன், நாத்தம்தான் கொல்லுது," என்று பதில் வந்தது. வெளியூர்க்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான்.

மாலைப் பயிற்சி வகுப்பு நடக்கவில்லை. தென்காற்றில் படகை நிறுத்திவிட்டார்கள். ஆசிரியர் அக்கரையில் மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மின்சாரமும் போனது. வீட்டுக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை. எரிவாயுக் கணப்பைச் சுற்றி நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். கூடப் படிக்கும் ஸ்தாமூலிஸ் அதன் தலையில் ஒரு தகரத்தை வைத்துக் கஷ்கொட்டை சுட்டான்.

"இந்த மாதிரி ராத்திரியில பேய்க்கதை சொல்லாம விட்டா பேய்க்கே கோபம் வரும்," என்றான். "யாருக்காவது செத்துப்போன சொந்தக்காரங்க இருந்தா கையைத் தூக்குங்க."

"உனக்கு உயிரோட இருக்கிற சொந்தமே போதும்டா. உங்க மாமா ஒருத்தர் வந்து நின்னா பேயெல்லாம் ஓடிடும்," என்றாள் கல்லிரோய்.

எல்லோரும் சிரித்தோம். அவள் மட்டும் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவளுடைய பெரியப்பாவின் மனைவி சம்பேத்தாவின் நாற்பதாம் நாள் பூசை ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. பூசையில் படைத்த அவித்த கோதுமையை எங்களுக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். துக்கத்துக்குப் போட்ட கறுப்பு ஸ்வெட்டரை இன்னும் கழற்றவில்லை.

"எங்க பெரியம்மாவுக்கு ஒண்ணு நடந்துச்சு..." என்றாள். "தான் சாகிறவரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் சொன்னாங்க. இப்ப அவங்க இல்ல. சொல்லலாமா கூடாதான்னு தெரியல."

"சொல்லுடி," என்றோம்.

அவள் சொன்ன வரிசையிலேயே எழுத முயல்கிறேன். நானாக எதையும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அது எனக்கே தெரியாமல் நடந்ததாக இருக்கும்.

*

விளக்கு வைக்கிற நேரம். டிசம்பர் மாதம். பருவம் முடிந்து, பெரிய விடுதிகளெல்லாம் ஜன்னலுக்குப் பலகை அடித்துச் சாத்திக் கிடந்தன. கடற்கரைச் சாலையில் ஒரு நாய்கூட இல்லை. சம்பேத்தாவும் அவள் தங்கை அசிமோவும் மட்டும் நடந்து போனார்கள். சாலையின் முனையில் பழைய குளியல் இல்லம். அதற்கு அப்பால் பாறை. பாறைக்கு அப்பால் கடல்...

ஊற்று வெந்நீர் பாறையில் வழிந்து கடலுக்குள் விழும் இடத்தில் ஆவி கிளம்பும். கோடையில் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. குளிர்காலத்தில் அது சாலைக்கு ஏறிவந்து ஆள் உயரத்துக்கு நிற்கும். முன்னே நடக்கிறவரின் முதுகு தெரியாது. காலடிச் சத்தம் மட்டும் கேட்கும்.

"அக்கா, இந்த நாத்தத்துல எப்படித்தான் உங்களுக்கெல்லாம் சாப்பாடு இறங்குதோ," என்றாள் அசிமோ, மூக்கைப் பொத்திக்கொண்டு. "அழுகின முட்டையை மூக்குல வச்சு அடைச்ச மாதிரி இருக்கு."

"எந்த நாத்தம்?" என்றாள் சம்பேத்தா.

"நல்லாக் கேட்ட போ. ஊரோட மூக்கை அறுத்து வச்சுட்டாங்க."

ஒவ்வொரு வருடமும் இதே பேச்சுத்தான். பழகிப்போன ஊர்க்காரர்களுக்கு அந்தக் கந்தக வாடை தெரியாது. அசிமோ வாழ்க்கைப்பட்டது மேலே மலையில், கஸ்தனியாவில். அங்கிருந்து இறங்கி வரும்போதெல்லாம் சாலைத் திருப்பத்திலேயே மூக்கைப் பொத்திவிடுவாள். ஆலிவ் பறிக்கிற வேலை முடிய டிசம்பர் ஆகிவிடும். அதற்குள் அவள் முட்டி இரண்டும் வீங்கிப்போகும். குளியல் இல்லம் மூடித்தான் கிடக்கும். ஆனால் சாவி சம்பேத்தாவிடம் இருந்தது. வெந்நீரை யாராலும் நிறுத்த முடியாது, அது பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். தினமும் யாராவது போய்த் தண்ணீரைத் திறந்துவிடாவிட்டால் சுண்ணாம்பு படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். அந்த வேலை சம்பேத்தாவுடையது. அப்படியே தங்கையையும் ஒரு தொட்டியில் உட்காரவைத்துவிடுவாள்.

அசிமோவுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அம்மா இறந்துவிட்டாள். அக்காவின் இடுப்பில் வளர்ந்த பிள்ளை அவள். சம்பேத்தாவுக்குக் கணவன் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது, குழந்தையும் இல்லை. உலகத்தில் அவளுக்கென்று இருந்தது இந்தத் தங்கை ஒருத்திதான்.

குளிர்காலத்தில் கட்டடத்துக்கு மின்சாரம் கிடையாது. சம்பேத்தா கைவிளக்கை ஏற்றினாள். நீளமான தாழ்வாரம், ஒரு பக்கம் முழுக்கக் கதவுகள். கதவுகளுக்கு உள்ளே தாழ்ப்பாள் இல்லை. ஒவ்வோர் அறையிலும் பளிங்குத் தொட்டி ஒன்று, முக்காலி ஒன்று, துணி மாட்டும் முளை ஒன்று. கூரையை ஒட்டி ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், பூனைகூட நுழைய முடியாது. ஏழாம் அறைக்குள் தரையெல்லாம் சுண்ணாம்புப் பொடி, மாவு தூவியது போல.

அசிமோ துணியைக் கழற்றி மாட்டினாள். சிலுவையைக் கழற்றி அக்காவின் கையில் வைத்தாள். அம்மாவின் வெள்ளிச் சிலுவை. சம்பேத்தா அதை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டுத் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தாள். மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்தாள்.

இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. வெந்நீரில் கிடக்கிறவர்களுக்கு மயக்கம் வரலாம். அதனால் மணல் பாதி இறங்கியதும் போய் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். ஒன்று... இடைவெளி... பிறகு இரண்டு. "உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும். "இருக்கேன்" என்று பதில் வரும். பதில் வராவிட்டால் அந்த நொடியே கதவைத் திறக்க வேண்டும். பதில் வந்துவிட்டால், என்ன ஆனாலும் திறக்கக் கூடாது. உள்ளே இருப்பவர் துணியில்லாமல் இருப்பார். அந்த மரியாதையை நம்பித்தான் கதவில் தாழ்ப்பாளே வைக்காமல் கட்டினார்கள். சம்பேத்தா தன் வேலைக்காலம் முழுவதும் இந்த முறையை ஒரு தடவைகூட மீறியதில்லை.

எங்கேயோ தண்ணீர் சொட்டியது. டொக்... டொக்... வெளியே கடல். வேறு சத்தமில்லை.

மணல் பாதி இறங்கியது. போய்த் தட்டினாள்.

"அசிமோ, உயிரோட இருக்கியா?"

"இருக்கேன் அக்கா. வெந்துக்கிட்டு இருக்கேன். உப்பு போட்டா இறக்கிடலாம். நாத்தம்தான் கொல்லுது."

சம்பேத்தா சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த சூட்டில் கண் கொஞ்சம் சொருகியிருக்கலாம். அவள் அதை மறுத்ததில்லை. அதற்கு மேல் அவளுக்கே தெரியாது.

பிறகு தட்டுகிற சத்தம் கேட்டது.

ஒன்று... இடைவெளி... பிறகு இரண்டு.

ஏழாம் அறையில் அல்ல. வாசல் கதவில்.

குளியல் இல்லத்தில் வேலை செய்கிறவர்களைத் தவிர அப்படித் தட்டுகிறவர்கள் இந்த ஊரில் கிடையாது. மற்ற வேலைக்காரர்களெல்லாம் பருவம் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். சம்பேத்தா விளக்கை எடுத்துக்கொண்டு போனாள். வாசல் கதவின் மேல்பாதி கண்ணாடி. அதற்கு வெளியே ஆவி வெள்ளையாக நின்றது. ஆவிக்குள் ஓர் ஆள்.

"அக்கா... கதவைத் திற. குளிருது."

அசிமோ நின்றாள். அதே பழுப்புக் கோட்டு. தலை ஈரம். முடி நுனியிலிருந்து தண்ணீர் கண்ணாடியோரம் சொட்டியது. உதடு நீலம் பாரித்துக் கிடந்தது.

சம்பேத்தா விளக்கை உயர்த்திப் பார்த்தாள். ஏழாம் அறையிலிருந்து வெளியே வர வேண்டுமானால் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தாண்டித்தான் வர வேண்டும். வேறு வழி கிடையாது. வாசல் கதவை அவளேதான் உள்பக்கம் பூட்டினாள். சாவி இடுப்பில் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

திரும்பி ஓடினாள். ஏழாம் கதவைத் தட்டினாள். முறைப்படி தட்ட வரவில்லை. உள்ளங்கையால் அறைந்தாள்.

"அசிமோ!"

"என்ன அக்கா? அதுக்குள்ளயா? இப்பத்தான் முட்டி இளக ஆரம்பிச்சிருக்கு."

தண்ணீர் அலம்பும் சத்தமும் கேட்டது. ஆள் புரண்டு உட்காரும்போது தொட்டியில் எழும் சத்தம்.

"நீ... உள்ளதான் இருக்கியா?"

"வேற எங்க இருப்பேன்? கப்பல்லயா போயிட்டேன்?" பிறகு கொஞ்சம் மெதுவாக, "வாசல்ல யாரு தட்டினது? யாரையும் உள்ள விட்டுடாத அக்கா, நான் அம்மணமா கிடக்கேன்."

வாசலிலிருந்து மறுபடியும்... ஒன்று... பிறகு இரண்டு.

"அக்கா, கை விறைக்குது. ஏன் பூட்டிக்கிட்ட?"

இரண்டும் ஒரே குரல். ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால். நடுவில் விளக்கோடு சம்பேத்தா.

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அம்மா சாகும் முன் அசிமோவை ஒரு செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அது அக்கா தங்கை இருவருக்கு மட்டுமே தெரியும். அசிமோவின் புருஷனுக்குக்கூடத் தெரியாது. வாசலுக்குப் போய்க் கண்ணாடியில் வாயை வைத்துக் கேட்டாள்.

"நம்ம அம்மா உன்னை என்னன்னு கூப்பிடுவா?"

"சுண்டெலின்னு," என்றாள் வெளியே நின்றவள். பல் கிடுகிடுத்தது. "இதைக் கேக்கிற நேரமா அக்கா இது?"

சம்பேத்தா வாயைத் திறக்கும் முன்பே, தாழ்வாரத்தின் உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது.

"சுண்டெலி! என்ன அக்கா, திடீர்னு அம்மா ஞாபகம்?"

சம்பேத்தா போய் ஏழாம் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். பித்தளை சூடாக இருந்தது. திருகினால் போதும், கண்ணால் பார்த்துவிடலாம். ஆனால் பதில் வந்துவிட்டதே... பதில் வந்த கதவைத் திறந்து அந்தக் கைக்குப் பழக்கமில்லை. அது மட்டுமா? திறந்து, தொட்டியில் தங்கை இருந்துவிட்டால், வாசலில் நிற்பது யார்? திறந்து, தொட்டியில் ஒருவரும் இல்லாவிட்டால், இவ்வளவு நேரம் பேசியது யார்? கை கைப்பிடியிலேயே நின்றது. திருகவில்லை.

வாசலில் பொத்தென்று ஒரு சத்தம். வெளியே நின்றவள் கண்ணாடியில் சரிந்து, கதவடியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியில் ஐந்து விரல் கீழ்நோக்கி இழுத்த கோடு.

சம்பேத்தா கணக்குப் போட்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். உள்ளே இருப்பவள் சூட்டில் இருக்கிறாள், பேசுகிறாள், காத்திருப்பாள். வெளியே இருப்பவள் செத்துவிடுவாள்.

சாவியைப் போட்டு வாசல் கதவைத் திறந்தாள்.

ஆவி மொத்தமாக உள்ளே வந்தது. விளக்கு ஒரு தடவை குறுகி எழுந்தது. பின்னாலிருந்து, "அக்கா?" என்று ஒரே ஒரு குரல். கூப்பிட்ட மாதிரி இல்லை. இருட்டில் பக்கத்தில் படுத்திருப்பவர் இருக்கிறாரா என்று குழந்தை கேட்குமே... அந்த மாதிரி.

வெளியே கிடந்தவள் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து எடுத்த மீனைப் போல இருந்தது உடம்பு. ஆனால் தங்கையின் உடம்புதான். அதே எலும்பு, அதே தோள்.

சம்பேத்தா அவளை விலக்கிவிட்டு ஏழாம் அறைக்கு ஓடினாள். தட்டினாள். இப்போது முறைப்படி. ஒன்று... பிறகு இரண்டு.

"உயிரோட இருக்கியா?"

பதில் இல்லை.

பதில் இல்லாவிட்டால் திறக்க வேண்டும். திறந்தாள்.

தொட்டி நிறையத் தண்ணீர். ஓர் அலைகூட இல்லை. முளையில் துணி இல்லை. தரையில் சுண்ணாம்புப் பொடியின் மேல் வெறுங்காலடிகள், முக்காலியிலிருந்து தொட்டிவரை. தொட்டியிலிருந்து திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

"நான் எப்பவோ எழுந்து வந்துட்டேனே அக்கா," என்றாள் பின்னால் நின்றவள். "நீ தூங்கிட்டிருந்த. உன்னைத் தாண்டித்தான் போனேன்."

"வாசல் பூட்டியிருந்துச்சு."

"திறந்துதான் கிடந்துச்சு. நான் போனப்புறம் நீதான் பூட்டியிருக்க."

இருக்கலாம். கண் சொருகியது உண்மைதானே. தூக்கக் கலக்கத்தில் பூட்டியிருக்கலாம், கனவில் குரல் கேட்டிருக்கலாம். காலடிகளை விளக்கு வெளிச்சத்தில் சரியாகப் பார்த்தாளா? அதைக்கூட அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இருவரும் வெளியே வந்து பூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். ஆவி அடர்ந்திருந்தது. வெந்நீர் விழும் பாறையை ஒட்டி நடந்தபோது சம்பேத்தா பக்கத்தில் வந்தவளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கை இரண்டையும் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு நிதானமாக நடந்துகொண்டிருந்தாள்.

"என்னடி, இன்னைக்கு நாத்தம் இல்லையா?"

"எந்த நாத்தம்?" என்றாள் அவள்.

*

இந்த இடத்தில் கஷ்கொட்டை ஒன்று பட்டென்று வெடித்தது. ஸ்தாமூலிஸ் நாற்காலியோடு பின்னால் போனான். யாரும் அவனைக் கேலி செய்யவில்லை.

"அப்புறம்?" என்று அவனே கேட்டான்.

"அப்புறம் என்ன... ஒண்ணும் ஆகல. அதுதான் கொடுமை," என்றாள் கல்லிரோய்.

*

வீட்டுக்கு வந்ததும் சம்பேத்தா ஏப்ரன் பையிலிருந்து சிலுவையை எடுத்துக் கொடுத்தாள். பளபளவென்று இருந்தது. தங்கை அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கணப்படியில் தூங்கினாள். காலையில் சிலுவை கரித்துண்டாக இருந்தது. சம்பேத்தா சாம்பல் போட்டுத் தேய்த்தாள். சோடா மாவு போட்டுத் தேய்த்தாள். வெளுத்தது. மாட்டிய அன்று மாலையே கறுத்தது.

புருஷன் மலையிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு கூட்டிப்போக வந்தான். "நான் வரல. எனக்கு இங்கதான் ஒத்துப்போகுது," என்றாள் அசிமோ. சண்டை போடுவான் என்று சம்பேத்தா எதிர்பார்த்தாள். அவன் மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். வைத்த காபியைக் குடிக்காமல் போனான். பிறகு வரவே இல்லை.

சம்பேத்தா பாதிரியாரைக் கூப்பிட்டாள். அவர் வீடு முழுவதும் தீர்த்தம் தெளித்தார். அசிமோ அவர் கையை முத்தமிட்டாள், அவர் தந்த பூசை ரொட்டியைப் பணிவாக வாங்கிச் சாப்பிட்டாள். "நல்ல பொண்ணு. உங்களுக்குத்தான் ஓய்வு வேணும்," என்று சம்பேத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல பெண்தான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சமைத்தாள். துவைத்தாள். சம்பேத்தாவுக்கு நெஞ்சில் சளி கட்டியபோது இரவெல்லாம் உட்கார்ந்து முதுகைத் தேய்த்துவிட்டாள். வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. வெந்நீர் பக்கமே போவதில்லை, பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பாள். திட்டவோ துரத்தவோ ஒரு காரணம் வேண்டுமே... அப்படி ஒரு காரணத்தை அவள் கடைசிவரை கொடுக்கவில்லை.

அந்த டிசம்பர் முடியும் முன்பே, குழாயில் தண்ணீர் திறந்துவிடப் போன சம்பேத்தா, கை பழக்கத்தில் ஏழாம் கதவைத் தட்டிவிட்டாள்.

ஒன்று... பிறகு இரண்டு.

"இருக்கேன் அக்கா," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "இன்னும் எவ்வளவு நேரம்? நாத்தம் தாங்கல."

திறந்தாள். இந்தத் தடவை முறையைப் பார்க்கவில்லை. தொட்டி காலியாகக் கிடந்தது.

மூடினாள். தட்டினாள். "என்ன அக்கா விளையாட்டு?" என்றது குரல்.

திறந்தால் இல்லை. மூடினால் இருக்கிறாள். அன்றைக்கு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை யாரிடம் கேட்பது?

அந்த அறையில் குழாய் உடைந்துவிட்டதாகச் சொல்லிப் பூட்டுப் போட்டாள். பிறகு பதினோரு வருடம், மழையோ காற்றோ, ஒரு நாள் தவறாமல் மாலையில் போய்த் தட்டினாள். "உயிரோட இருக்கியா?" "இருக்கேன் அக்கா." அவ்வளவுதான். தன்னால் முடிந்தது அது ஒன்றுதான். வீட்டுக்குத் திரும்பினால் மேசையில் சூப் சூடாக இருக்கும். எதிரே தங்கை உட்கார்ந்திருப்பாள், கழுத்தில் கறுப்புச் சிலுவையோடு.

எங்கே போய் வருகிறாய் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

*

"சாகிறதுக்கு முந்தின நாள் என்னை மட்டும் பக்கத்துல கூப்பிட்டாங்க," என்றாள் கல்லிரோய். குரல் இறங்கிப்போயிருந்தது. "இதையெல்லாம் சொன்னாங்க. சொல்லிட்டு, 'யாராவது போய்த் தட்டணும்டி. தட்டலன்னா அவ பயந்துடுவா'ன்னாங்க. நான் போறேன்னு சொன்னேன். சாகப்போறவங்ககிட்ட வேற என்ன சொல்றது? ஆனா போகல. ஒரு நாள்கூடப் போகல. என்னால முடியாதுடி."

"அந்த அசிமோ... இப்ப எங்க?" என்று ஸ்தாமூலிஸ் கேட்டான்.

"பெரியம்மா வீட்டுலதான். கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இருக்காங்க. நாற்பதாம் நாள் பூசைக்குக்கூட வரல." அவள் கையைக் கணப்பின் அருகே நீட்டிக்கொண்டாள். "நல்லவேளை, அந்த அறை இன்னும் பூட்டித்தான் கிடக்கு."

  இன்று திறந்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, மேலே எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். அந்த அம்மாள் என்னோடு தாழ்வாரம் முழுவதும் நடந்து வந்தார். போகும்போதும் சரி, குளித்துவிட்டு வரும்போதும் சரி, அவர் மூக்கைப் பொத்தவில்லை. நாற்றம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டியபோது உள்ளேயிருந்து பதில் சொன்ன குரல்தான் நாற்றத்தைப் பற்றிச் சொன்னது.

அந்தக் குரல் இன்னொன்றும் சொன்னது. என்னை வேறு யாரோ என்று நினைத்துப் பேசுகிறார் என்று எழுதாமல் விட்டுவிட்டேன். அதுவும் என் தவறுதான். இப்போது எழுதுகிறேன்.

"ஏன் அக்கா இத்தனை நாளா வரல?"

நாளை: காலை எட்டு மணி, ஏழாம் அறை, அதே அம்மாள், இரண்டாவது குளியல். வெள்ளியைக் கழற்றி வாங்க வேண்டும். மணல் பாதி இறங்கியதும் தட்ட வேண்டும். பதில் வந்தால் திறக்கக் கூடாது.